சித்தி விட்டுவைக்கும் அஞ்சு பவுண்டு

எங்கள் சித்திக்கு இழுப்பதுதான் பிழைப்பு. அடுத்தவர் படகு, அடுத்தவர் குதிரை, ஒருதடவை அடுத்தவர் வீட்டுக் கூரை. பிக்கப் வண்டியின் கொக்கியில் டிரெய்லரை மாட்டினால், கொடுத்ததைக் கொடுத்தபடி கொண்டுபோய்ச் சேர்ப்பாள். இவ்வளவு இழுத்தும் முதுகு வலி என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த இலாகாவை மொத்தமாகச் சித்தப்பாவிடம் ஒப்படைத்துவிட்டாள்.

வண்டியின் பின்பக்கம், இரண்டு சக்கரங்களுக்கும் மேலே ஆளுக்கொரு ரப்பர் பை உண்டு. விபத்தில் மூஞ்சியில் வந்து அறையுமே, அந்த ஜாதி இல்லை. இது சாது. டிரெய்லரை மாட்டியதும் இதில் காற்றடித்தால், வண்டி பின்னால் குந்தாமல் நிமிர்ந்து நிற்கும். கழற்றியதும் காற்றை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் காலி வண்டி துள்ளும். அப்போது ஊரே ஒட்ட இறக்கிவிடும். சித்தி மட்டும் அஞ்சு பவுண்டு அழுத்தத்துக்குக் காற்றை உள்ளே விட்டுவைப்பாள்.

"அந்த அஞ்சையும் எறக்கினா என்ன குறைஞ்சுடும்?" என்பார் சித்தப்பா. "ஒவ்வொரு பள்ளத்துலயும் என் இடுப்பு தனியா இறங்கி நடந்து வருது."

"காத்தே இல்லன்னா பை மடிஞ்சு இரும்புக்கு நடுவுல மாட்டிக்கும். ஒரு பள்ளம் போதும், கடிச்சுக் குதறிடும். உங்க இடுப்புக்குத் தலகாணி இருக்கு. பைக்கு யாரு இருக்கா?"

அன்றைக்குக் காலையில் குதிரைக்காரரிடமிருந்து போன். பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுப்பவர். அவருடைய குதிரை மகாராணிக்குக் குடல் முறுக்கிக்கொண்டதாம். மதியத்துக்குள் பெரிய கால்நடை ஆஸ்பத்திரியில் அறுத்துச் சரிசெய்யாவிட்டால் பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் மனிதர் பேசினதைவிட அழுததுதான் அதிகம்.

எவ்வளவு அவசரமானாலும் சித்தி காற்றளக்கும் கேஜை வைத்துப் பார்க்காமல் டிரெய்லரை மாட்ட மாட்டாள். இடது பையில் அஞ்சு. வலதில் சைபர். பம்பை வைத்து அடித்தாள். 'புஸ்' என்று அடித்ததெல்லாம் வெளியே வந்தது.

எல்லார் கண்ணும் என் மேல் திரும்பியது. போன வாரம் சைலன்சரில் விசில் செருகியது நான்தான், மறுக்கவில்லை. அதற்காக?

"நான் இல்ல!"

"நீதான்னு யாரும் சொல்லலியே," என்றாள் சித்தி.

"பாக்குறீங்கல்ல, அது போதாதா?"

சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். "நேத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போனப்ப... இடுப்பு தாங்கல. கொஞ்சம் எறக்கினேன்."

"கொஞ்சமா?"

"மொத்தமா. திரும்பி வந்ததும் உனக்குத் தெரியக்கூடாதுன்னு அஞ்சு அடிச்சு வச்சிட்டேன். அப்ப ரெண்டுலயும் நின்னுச்சு."

இன்றைக்கு இடி விழும் என்று நான் ஓரமாக ஒதுங்கினேன். விழவில்லை. "வண்டிய காலி பண்ணுங்க," என்றாள். கருவிப் பெட்டி, சங்கிலி, தண்ணி டிரம், மணல் மூட்டை எல்லாம் தரைக்கு வந்தன. பாரம் முழுதும் இனி வெறும் ஸ்பிரிங் பட்டை மேல்தான். கடைசியாகச் சித்தப்பாவைப் பார்த்து, "நீங்களும் இறங்குங்க," என்றாள். நான் எலும்புக்கூடு என்பதால் எனக்கு இடம் கிடைத்தது.

"நல்ல பையிலயாவது நெறைய அடிக்கலாம்ல?" என்றேன்.

"ஒரு பக்கம் மட்டும் தூக்கினா வண்டி சாயும், வாலு."

"அப்ப அதுல இருக்கற அஞ்சையும் எடுத்துடு."

"எதுக்கு? இதுக்கும் கடி வாங்கித் தரவா?"

மகாராணி ஏறியதும் வண்டி பின்னால் குந்தி மூக்கை வானத்துக்குத் தூக்கியது. சித்தி ஓட்டவில்லை, தாலாட்டினாள். பள்ளம் கண்ணில் பட்டாலே வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சக்கரமாக இறக்கி ஏற்றினாள். பின்னால் ஹாரன் கச்சேரி. ஒருத்தன் முந்திக்கொண்டே தலையை நீட்டினான்.

"அக்கா, எறும்பு முந்துது!"

"அதுக்கு அவசரம்போல. போகட்டும்!"

வாய்தான் சிரித்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. பின்னாலிருந்து மகாராணி முனகும்போதெல்லாம் சித்தி, "வந்துட்டோம் கண்ணு," என்றாள். வந்திருக்கவே இல்லை. அவள் பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

மதியத்துக்கு முன்னால் சேர்ந்துவிட்டோம். கதவுக்கு வெளியே நெடுநேரம் நின்றோம். கையெல்லாம் நனைந்து வெளியே வந்த டாக்டர், "பொழச்சுக்கும்," என்றார். எங்கள் பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த குதிரைக்காரர் எங்கள் வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். சித்தியோ வண்டிக்கு அடியில் படுத்து இடது பையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் சித்தப்பா நின்றபடியே இருந்தார். உட்கார்ந்த மாதிரி தெரியவில்லை.

"குதிரை?"

"எழுந்து நின்னுடுச்சு. என்னையே மொறைக்குது."

"என்னை ஏதாவது திட்டேன்."

"இடுப்பு எப்படி இருக்கு?" என்றாள் சித்தி.



இப்போது வலதில் புதுப் பை. டிரெய்லரைக் கழற்றியதும் கேஜோடு முதலில் குனிவது சித்தப்பாதான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, அஞ்சு இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்க்கிறார். அவர் சீட்டில் யாரோ தடிமனாகப் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறார்கள். இடுப்புக்கு ரொம்ப இதமாம். உட்காரும்போது அது ஏன் 'பீ' என்று ஊதுகிறது என்பது பற்றி மட்டும் வீட்டில் விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.