கன்ட்ரோல் எஸ்

ஸ்ரீரங்கத்தில் என் வீட்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி, திருவெறும்பூருக்கு ஸ்கூட்டரில் முக்கால் மணி நேரம். அங்கே கொதிகலன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலையெல்லாம் பழைய யூனிக்ஸ் சர்வரில் ஓடியது. மேஜைகளில் இருந்ததோ விண்டோஸ். அதில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து யூனிக்ஸுக்குள் போவார்கள். ஏதாவது நின்றுபோனால் என்னைக் கூப்பிடுவார்கள். நான்கு வருடம் அதுதான் என் பிழைப்பு.

பெரும்பாலும் கூப்பிட்டது, வந்த சரக்கைப் பதிவு செய்யும் ஒரு பெண்மணி. "சார், மறுபடியும் ஹேங் ஆயிடுச்சு. எந்த கீயும் வேலை செய்யலை." நான் போய்க் குனிந்து, யாரும் பார்க்காதபடி இரண்டு விசைகளை அழுத்துவேன். திரை உயிர் பெறும். "சார் கை வச்சாலே சரியாயிடுது. அந்தம்மா கை பட்டா சர்வரே படுத்துடுது" என்று பக்கத்து மேஜைக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்குக் காபி வரும். பெருமை தாங்காது.

விஷயம் ரொம்பச் சின்னது. விண்டோஸில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால், செய்த வேலை பத்திரமாகும். கறுப்பு ஜன்னலில் அதே இரண்டும் திரையை நிறுத்தி வைக்கும். கன்ட்ரோலும் க்யூவும் அழுத்தினால் விட்டுவிடும். பழைய ஆட்கள் யூனிக்ஸிலேயே பழகியவர்கள், எஸ் பக்கமே போகமாட்டார்கள். இவரோ கம்ப்யூட்டர் சென்டரில் 'அடிக்கடி சேவ் பண்ணணும்' என்று படித்து வந்தவர். அந்த ஆபீஸிலேயே ஜாக்கிரதையான ஆள் அவர்தான். அதனாலேயே அவருக்குத்தான் அதிகம் நின்றது.

எஸ் அழுத்தினாலும் திரை நிற்காதபடி சர்வரில் ஒரே ஒரு வரி எழுதினால் தீர்ந்திருக்கும். எழுதவில்லை. சோம்பல் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த வரவேற்பு எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டார். "சப்போர்ட் செலவைக் குறைக்கணுங்க. பாதி கம்ப்ளைண்ட் அந்தம்மா பேர்லதான் இருக்கு. அவங்களை கேட் பாஸ் எழுதுற இடத்துக்கு மாத்திடலாம்னு இருக்கேன். கம்ப்யூட்டர் அவங்களுக்கு ஒத்துவரலை. என்ன சொல்றீங்க?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதில் பாவம் என்னுடையது.

"தப்பு அவங்க மேல இல்லைங்க. நான் எப்பவோ செஞ்சிருக்க வேண்டிய வேலை, செய்யலை" என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து அந்த வரியை எழுதினேன். அவர் என்னையே பார்த்தார். "அப்ப இனிமே நீங்க இவ்வளவு தடவை வர வேண்டாமே?"

"வேண்டாங்க."

சுருக்கென்றது. ஆனால் அவர் கேட்டது நியாயம்.

பிறகு அந்தப் பெண்மணியிடம் போனேன். ஜன்னலை மூடித் திறக்கச் சொன்னேன். "இப்ப கன்ட்ரோல் எஸ் அழுத்துங்க." தயங்கி அழுத்தினார். திரை நிற்கவில்லை. நடந்ததையெல்லாம், ஆரம்பத்திலிருந்தே எனக்குக் காரணம் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப என் கைராசியில ஒண்ணும் கோளாறு இல்லையா சார்?" என்றார். "எல்லாரும் சொல்லிச் சொல்லி நானும் நம்பிட்டேன். போன மாசம் என் தங்கச்சிக்கு வளைகாப்பு. அவ கையை நீட்டிக்கிட்டு என்னைக் கூப்பிட்டா. நான்தான் வளையல் போடாம சமையல்கட்டுலயே நின்னுட்டேன்."