ஆஸியா உம்மா கொடுக்காத சொல்

மஹ்மூத் முதலாளி ஹஜ்ஜுக்குப் போகிறார் என்று பக்கத்து வீட்டு மஸீனா ஓடிவந்து சொன்னபோது ஆஸியா உம்மா இடியப்பத்துக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"நல்லம்," என்றாள். "அப்ப இங்கயும் வருவார்."

வரத்தான் வேண்டும். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் ஊரில் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்ததைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பார். வீட்டார் 'பொறுத்தோம்' என்பார்கள். அந்தச் சொல்லை வாங்காமல் அந்த ஊரில் யாரும் கப்பல் ஏறியதில்லை. கேட்டதும் தானாக வாயில் வருகிற சொல் அது. யோசித்துச் சொன்னவர்கள் கிடையாது. ஆஸியா உம்மா யோசிக்கத் தொடங்கினாள்.

கட்டுகஸ்தோட்டைக்குக் கீழே, மகாவலி வளைகிற இடத்தில் ஊருக்கு ஒரு துறை இருந்தது. கல்படிகளும் ஒரு தோணியும். குளிப்பதும் தண்ணீர் எடுப்பதும் அக்கரைக்குப் போவதும் அங்கேதான். ஒரு வெள்ளத்தில் படிகள் போயின, மணல் ஏறித் துறை தூர்ந்தது. ஊரார் அரசாங்கக் கச்சேரிக்கு மனு எழுதினார்கள். பதில் இல்லை. இன்னொன்று எழுதினார்கள். ஓவர்சியர் ஒருவர் வந்தார். சப்பாத்தில் மண் படாத தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார். படி இல்லாததால் தோணி நின்றது. தோணி நின்றதால், துறை பாவனையில் இல்லை என்று கச்சேரி எழுதிக்கொண்டது. பிறகு அந்த ஆற்றோரத் துண்டை அரசாங்கம் ஏலம் போட்டது. கொக்கோ வியாபாரி மஹ்மூத் முதலாளி எடுத்தார். அங்கே பொதுப்பாதை இருந்ததே இல்லை என்று கச்சேரிக்குச் சொன்னவரும் அவர்தான். கம்சபை என்கிற ஊர்ச்சபையில் அவர் மெம்பர், அதனால் கச்சேரி வேறு யாரையும் கேட்கவில்லை. துறைக்குப் போகிற பாதையின் குறுக்கே முள்ளுக்கம்பி வந்தது.

அதன் பிறகு பெண்கள் கீழே பாறைப் பக்கமாக இறங்கித் தண்ணீர் எடுத்தார்கள். ஒரு மழைக்காலத்துக் காலையில் ஆஸியா உம்மாவின் மகள் ஹபீலா அங்கே வழுக்கினாள். குடம் முதலில் அகப்பட்டது. பிள்ளையை மறுநாள் மூங்கில் புதருக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

ஆஸியா உம்மா கச்சேரிக்குப் போனாள். பள்ளிவாசல் சாஹுல் ஹமீது லெப்பை கூட வந்தார். யாழ்ப்பாணத்துக் கிளார்க் தியாகராஜா மரியாதையான மனிதர். கதிரை போட்டு உட்காரச் சொன்னார்.

"மனு எல்லாம் இருக்குது, அம்மா. ஆனால் இந்த நிலப்படத்திலை துறை இல்லையே. இல்லாத துறைக்கு நாங்கள் எப்பிடிப் பாதை விடுறது?"

"என்ட புள்ள உழுந்த பாறை படத்துல ஈக்கா?"

தியாகராஜா குனிந்து, உண்மையாகவே தேடினார். "ஓம், அது இருக்குது," என்றார்.

அது நடந்து ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது. இப்போது மஹ்மூத் முதலாளி ஹஜ்ஜுக்குப் போகிறார்.

அவர் புறப்படுமுன் ஆஸியா உம்மா புறப்பட்டாள். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்வாசலால் போய்ப் பெண்களிடம் பேசினாள்.

"வந்தா இருக்கச் செல்லுங்கொ. தேத்தண்ணி குடுங்கொ. அந்தச் சொல்ல மட்டும் குடுக்க வாணாம்."

செய்தி லெப்பைக்கு எட்டியது. வாசலில் வந்து நின்றார்.

"ஹஜ்ஜுக்குப் போறவர மறிக்கிறது பாவம், தங்கச்சி."

"நான் மறிக்கல்லயே லெப்பை. போகட்டும். மனுசருக்குச் செஞ்ச அநியாயத்த அந்த மனுசர் பொறுக்காம அல்லாஹ் பொறுக்க மாட்டான்டு நோன்புப் பயான்ல நீங்கதானே சென்னீங்க?"

லெப்பை தாடியைத் தடவினார். சொன்னது அவர்தான்.

மஹ்மூத் முதலாளி புதுத் தொப்பியோடு தெருவில் இறங்கினார். முதல் வீட்டில் தேத்தண்ணீரும் பனங்கட்டியும் கிடைத்தன. அடுத்த வீட்டிலும் அவைதான். எல்லோரும் சுகம் விசாரித்தார்கள், கப்பலில் தலை சுற்றும், தேசிக்காய் கொண்டுபோங்கள் என்றார்கள். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. தெரு பாதி முடியுமுன் வயிறு தளும்பியது. ருக்கியாவின் வீட்டில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஊருக்கே வாய் அடைச்சிட்டா?"

"ஆஸியா உம்மாட்ட போங்கொ நானா. அங்கதான் தொடங்கோணுமாம்," என்றாள் ருக்கியா. "இன்னொரு கோப்பை ஊத்தட்டா?"

ஆஸியா உம்மா கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள். தேத்தண்ணீர் கொடுக்கவில்லை.

"கவர்மெண்டு வித்திச்சி, நான் வாங்கினேன். என்ட மேல என்ன குத்தம்?" என்றார் அவர்.

"கவர்மெண்டுட மேலயும்தான் குத்தம். ஆனா கவர்மெண்டு ஹஜ்ஜுக்குப் போகல்லயே. போற நாள்ல அதுக்கும் இதுதான்."

"இப்ப நான் என்ன செய்யோணும்?"

"பாதை இல்லன்டு சென்ன வாயால, இருந்திச்சின்டு கச்சேரில செல்லுங்கொ."

"என்னப் பொய்யன்டு செல்லுவாங்களே, தங்கச்சி."

"நாங்க எப்பயோ இருந்து செல்றோம்."

அவர் எழுந்து போனார். சில நாட்கள் வீறாப்பாக இருந்தார். கப்பல் நாள் நெருங்க, பள்ளிவாசலில் அவருக்குப் பக்கத்தில் நின்று தொழுகிறவர்கள் ஸலாம் கொடுத்ததும் எழுந்து போகத் தொடங்கினார்கள். ஒரு காலையில் அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு கச்சேரிக்குப் போய், தியாகராஜாவின் முன்னால் நின்று, சொன்னது தவறு என்று எழுதிக் கொடுத்தார். பாதை பொதுப்பாதை என்று பதிவானது. அவருடைய ஆட்களே முள்ளுக்கம்பியைச் சுருட்டினார்கள். அதே ஓவர்சியர் கூலிகளோடு வந்து, முழங்கால்வரை சேற்றில் நின்று கல் இறக்கினார். ருக்கியாவும் மற்றப் பெண்களும் கரையில் வரிசையாக நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள்.

வீடுகள் ஒவ்வொன்றாகப் 'பொறுத்தோம்' என்றன. ஆஸியா உம்மாவின் வாசலுக்கு அவர் மறுபடி வந்தபோது கதவு சாத்தியிருந்தது.

பெண்கள் ஸ்டேஷனுக்குப் போகும் வழக்கம் இல்லை. அவள் போனாள். தக்பீர் முழங்க, மாலைகளோடு நின்ற மஹ்மூத் முதலாளி அவளைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"பாதை தொறந்தாச்சி, தங்கச்சி."

"ஓ. போய்ப் பார்த்தேன். நல்ல படி."

"அப்ப பொறுத்தேன்டு செல்லுங்கொ."

"பாதை ஊருட சொத்து. ஊர் பொறுத்திட்டு," என்றாள் ஆஸியா உம்மா. "ஹபீலா என்ட."

லெப்பை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் கூட்டத்துக்குள் பின்வாங்கினார். கார்டு விசில் அடித்தார். யாரோ மஹ்மூத் முதலாளியின் கையைப் பிடித்து வண்டிக்குள் ஏற்றினார்கள்.

"தங்கச்சி, ஒரு சொல்லுதானே," என்றார் ஜன்னலிலிருந்து.

ரயில் நகர்ந்தது. அவருடைய தலை வெளியிலேயே இருந்தது, அவள் வாயைப் பார்த்தபடி. அவள் வாயை இறுக மூடிக்கொண்டு, அந்த முகம் வளைவில் மறையும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.