இரண்டு கார்புரேட்டர், ஒரு காது

என் அக்கா வீட்டுக்காரர் தன் மோட்டார் சைக்கிளைக் கடையில் விடுவதைவிட, அக்காவைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பச் சீக்கிரம் சம்மதித்துவிடுவார். இதைச் சொல்லிச் சொல்லியே நான் சொந்தக்காரர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். வேடிக்கை பேசுவதில் நான் கெட்டிக்காரன். என் வாயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் அத்தானின் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த வண்டிக்கு இரண்டு சிலிண்டர், அதனால் இரண்டு கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவது அவற்றின் வேலை. இரண்டும் ஒரே அளவில் காற்றை இழுத்தால் வண்டி பூப்போல ஓடும். ஒன்று கூடுதலாகவும் மற்றது குறைவாகவும் இழுத்தால் முக்கும், இருமும், நடுரோட்டில் நின்று மானத்தை வாங்கும். இதைச் சரிபார்க்கத் தெருமுனை மெக்கானிக்கிடம் இரண்டு முள் ஆடும் ஒரு மீட்டர் இருந்தது. அத்தானிடம் இருந்தது ஒரு முழ ரப்பர் குழாய். ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாயருகே பிடிப்பார், மறுமுனை காதில். 'ஸ்ஸ்' என்று காற்று இழுபடும் சத்தம் கேட்கும். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஸ்குரூவில் மயிரிழை திருப்பம், மறுபடி இந்தப் பக்கம். அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஒரு காலத்தில் அந்த மெக்கானிக்கே, "அண்ணே, உங்க காதக் கொஞ்சம் கடன் குடுங்க" என்று வந்து கூட்டிப் போவார்.

அந்தக் காதை ஆணிக் கம்பெனி தின்றுவிட்டது. அத்தானுக்கு அங்கே இருபத்து நான்கு வருஷ வேலை. கம்பியை வெட்டி, தலையை அடித்து, நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கில் ஆணி துப்புகிற பதினாறு மெஷின்களுக்கு நடுவில் நிற்க வேண்டும். அங்கே எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். காதில் வைக்கச் சொல்லிக் கம்பெனி கொடுத்த பஞ்சை வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்பார்க் பிளக் துடைத்த மகராசன் அவர்.

கடைசி இரண்டு வருஷமாக வண்டி சரியில்லை. கரும்புகை, பெட்ரோல் நாற்றம், வேகம் குறைந்தால் இருமல். அக்கா சொல்லிப் பார்த்தாள்.

"பேசாம கடையில விட்டுடுங்களேன். அவன்தான் மீட்டரெல்லாம் வச்சிருக்கான்ல?"

"என் புள்ளைய அடுத்தவன் குளிப்பாட்டணுமா? எல்லாம் பெட்ரோல் சரியில்ல."

நான் மாடியில் குடியிருந்தேன். எனக்கு விஷயம் எப்போதோ தெரியும். பின்னால் நின்று கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை. அக்கா பேசும்போது அவள் வாயையே பார்ப்பார். இதையும் நான் வேடிக்கையாக்கினேன். "அத்தானுக்கு அக்கா குரல் மட்டும் கேக்காது, கொடுத்து வச்ச மனுஷன்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும், மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து, ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பார். அந்த ஒரு நொடியை இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அக்கா மகளுக்கு நர்சிங் கல்லூரியில் நேர்முகத் தேர்வு வந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி, தாமதமாக வருபவர்களுக்கு மறுவாய்ப்பு இல்லை என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். தானே கொண்டுபோய் விடுவதாக அத்தான் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முந்தின நாள் காலை வண்டியைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்தார். வழக்கமான அரைமணி நேரம் இரண்டரை மணி நேரமானது. பிறகு என்னைக் கூப்பிட்டார். குழாயை நீட்டினார்.

"மாப்ள, இத வச்சுக் கேட்டுப் பாரு. ரெண்டும் ஒண்ணா இருக்கா?"

அவர் எனக்கு அந்தக் குழாயைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. வைத்துக் கேட்டேன். இடதுபக்கம் இரைச்சலாக இழுத்தது. வலதுபக்கம் மூக்கடைத்தவன் மூச்சு மாதிரி மெலிசாக வந்தது. எஞ்சின் என்றால் என்னவென்று தெரியாத எனக்கே வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. நிமிர்ந்தேன். அத்தான் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ், நெற்றியெல்லாம் வேர்வை. அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"ஒண்ணா இருக்கு அத்தான். சூப்பர்" என்றேன்.

அவர் எஞ்சினை அணைத்தார். பிறகு குழாயை வாங்கிச் சுருட்டி வைத்தார்.

மறுநாள் காலை வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த பெண், அவர் முதுகுப் பக்கம் நின்று, "அப்பா, பயமா இருக்குப்பா, நான் பஸ்ல போயிடறேனே" என்றாள். அவர் திரும்பாமலே, "ஏறும்மா, நேரமாச்சு" என்றார். அப்பா பிடிவாதம் பிடிக்கிறார் என்று நினைத்து அவள் ஏறிவிட்டாள். மாடிப்படியில் பல் துலக்கிக்கொண்டிருந்த நான் எல்லாவற்றையும் கேட்டேன். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்கவில்லை.

பாதி வழியில், மேம்பாலத்தின் உச்சியில் வண்டி நின்றுவிட்டது. உதைத்து உதைத்து அத்தானின் செருப்பு அறுந்தது. பாலத்தின் மேல் பஸ்ஸும் நிற்காது, ஆட்டோவும் கிடைக்கவில்லை. அவள் ஓடியிருக்கிறாள். கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது இருபத்தைந்து, கதவைச் சாத்திவிட்டார்கள். இன்று அவள் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அப்பாவை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கடிந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அத்தான் தானாகவே வண்டியைத் தெருமுனைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். பின்னால் நான் பிடித்துத் தள்ளினேன். மெக்கானிக் வண்டியை எப்படியோ உசுப்பி, மீட்டரை மாட்டினார். ஒரு முள் மேலே ஏறி நின்றது, மற்றது பாதியிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

"யாருண்ணே இத ட்யூன் பண்ணது? காது செவிடா அவனுக்கு?" என்றார் மெக்கானிக், விளக்கை எட்டி எடுத்தபடி.

அத்தானுக்கு அது கேட்கவில்லை. ஆனால் முள்ளைப் பார்க்கக் காது தேவையில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நேத்து உனக்குக் கேட்டுச்சுல்ல மாப்ள?"

அவர் கண்கள் என் வாயில் இருந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு வேடிக்கையும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"ரெண்டும் ஒண்ணா இல்லன்னு நீ சொல்லியிருந்தா அப்பவே இங்க தள்ளிட்டு வந்திருப்பேன். ஞாயித்துக்கிழமையும் மத்தியானம் வரைக்கும் கடை உண்டு" என்றார். குரலில் கோபமே இல்லை.

"எனக்குக் கேக்கலன்னுதாண்டா குழாய உன் கையில குடுத்தேன்."