ஹைடாப் ஷூவில் வலைமுடிச்சு

காத்திவாக்கத்தில் எங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவர்கள் நானும் திருமுருகனும். நான் இன்னும் வேலை தேடுகிறேன். அவன் தேடுவதை விட்டுவிட்டு, செல்போனில் ஷூ விமர்சனம் செய்ய ஆரம்பித்தான். கல்லூரி பாஸ்கெட்பால் அணியில் ஆடியவன். "தினமும் போட ஆவுமா?" எல்லா வீடியோவிலும் அவன் கேட்பது இதுதான். படம் பிடிப்பது நான்.

அவன் அப்பா கோதண்டம் மாமாவுக்குக் கடல்தான் தொழில். "நான் கடலுக்கு வரல நைனா" என்று மகன் சொன்ன நாளிலிருந்து அவர் அவனிடம் பேசுவது அவன் அம்மா குப்பம்மா அத்தை வழியாகத்தான். "உன் புள்ளைய சாப்டச் சொல்லு." அவ்வளவுதான் பேச்சு.

மாசியில் அவர் புது ஃபைபர் படகு வாங்கினார். எங்கள் குப்பத்தில் புதுப்படகை முதலில் இறக்கும்போது அணியத்தை, அதாவது அதன் முன்நுனியை, மூத்த மகன்தான் பிடிக்க வேண்டும். வெறுங்காலோடு. முந்தின நாள் மாமா நேராகவே அவனிடம் சொன்னார்: "காலைல வந்துடு. அணியம் நீதான்."

வந்தான். காலில், விமர்சனத்துக்குப் புதிதாக வந்திருந்த, கணுக்காலை மூடும் கறுப்பு ஹைடாப் ஷூ.

"ஒரே ஷாட் மாமு. பின்னால புதுப்படகு. செமையா இருக்கும்" என்றான் என்னிடம்.

மணலில் குதித்துக் காட்டினான். லேஸ் அவிழ்ந்தது. கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டே குனிந்து கட்டினான். "கணுக்கால எப்டி புடிச்சிகினு கீது பாருங்க!" என்றபோது ஓர் அலை வந்து ஷூவை நனைத்துவிட்டுப் போனது.

அவன் தம்பி அன்புமணி சிரித்தான். "படகுக்கு மஞ்சத்தண்ணி, ஷூவுக்கு உப்புத்தண்ணியா?"

கற்பூரம் காட்டி முடிந்தது. "வாடா!" என்றார் மாமா.

திருமுருகன் உட்கார்ந்து லேஸை இழுத்தான். வரவில்லை. அவன் விரல்கள் போட்டிருந்தது வலைமுடிச்சு. சிறுவயதில் அத்தையோடு வலை பின்னிப் பழகிய விரல்கள். நனைந்தால் இறுகும் முடிச்சு அது. ஒரு ஷூவை எப்படியோ உருவிவிட்டான். மற்றது கணுக்காலை விடவில்லை.

"இன்னாடா பண்ற? அலை அடங்கிகினு கீது, இப்ப வுட்டா போச்சு!" என்று கத்தினார் மாமா.

அத்தை மீன் கத்தியை நீட்டினாள். "லேஸ அறுத்துப் போடுடா!"

கத்தியை லேஸில் வைத்தான். ஷூவைப் பார்த்தான். கை நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். மாமா பார்த்துவிட்டார்.

"அன்பு, நீ புடி" என்றார். குரலில் கோபமே இல்லை.

அவன் அறுத்துவிட்டு ஓடியபோது படகு மிதந்துகொண்டிருந்தது. அணியத்தில் தம்பியின் கை.

அந்தத் தயக்கம் புது ஷூ மேல் இருந்த ஆசை மட்டும்தானா? அணியத்தை ஒருமுறை பிடித்தால் அப்புறம் கடலே கதி என்று பயந்தானா? நானாக இருந்தால் அறுத்திருப்பேனா?

சாயங்காலம் விமர்சனத்தை முடித்தான்: "நல்ல ஷூ. நல்ல பிடிமானம். தினமும் போட ஆவாது." ஏன் என்று பலர் கேட்டிருந்தார்கள்.

"லேஸ் எந்தக் கடைலயும் கெடைக்கும் மாமு" என்றான் என்னிடம். "நைனா இன்னொரு படகு எப்ப வாங்குவாரு?"

வீட்டுக்குள்ளே தட்டு வைக்கும் சத்தம். மாமாவின் குரல் கேட்டது.

"உன் புள்ளைய சாப்டச் சொல்லு."