வறட்டி தட்டிய சுவர்

தேர்தல் அறிவித்தபோது நான் உத்திரமேரூர் பக்கம் இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். பிரஷ் ஒன்று இருந்தால் எந்த ஊரிலும் சோறு கிடைக்கும். அதற்கு முந்தின மாதம் ஒரு கட்சிக்காகச் சுவர்களில் சின்னம் வரைந்தேன். அறிவிப்பு வந்ததும் தேர்தல் விதிப்படி அவற்றை அழிக்க ஊராட்சியில் கூலிக்கு ஆள் தேடினார்கள். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் நான்தான். பட்டியல் சொன்னேன், வேலை கொடுத்தார்கள்.

எல்லாச் சுவருக்கும் சுண்ணாம்பு உண்டு. வீட்டுச் சுவராக இருந்து, வீட்டுக்காரரின் அனுமதிக் கடிதம் இல்லாவிட்டால், தன்னைக் கேட்காமல் இன்னார் வரைய வைத்தார் என்று அவரிடம் கையெழுத்து வாங்கி, வரைய வைத்தவர் மேல் வழக்கும் போடுவார்கள். ஜீப்பில் அதிகாரி வந்து படம் எடுத்த பிறகுதான் நான் அழிக்க வேண்டும்.

பெருநகர் என்ற ஊருக்குப் போகும் சாலையோரக் காலனியில் ஒரு அக்கா வீடு. அந்தச் சுவரில் வரையச் சொன்னவர் அந்தக் கட்சிக்காரர், அக்கா கூலிக்குப் போகும் கழனிக்காரர். அவர் அக்காவைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

என்னை வாளியோடு பார்த்ததும், "நீயே வரைவ, நீயே அழிப்ப. நல்ல பொழப்புதான் தம்பி," என்றார் அக்கா. ஜீப் வருகிறது, கையெழுத்து கேட்பார்கள் என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அவரு மேல கேசு போட நான் கையெழுத்து வெச்சிட்டு, அப்பால யாரு கழனில போயி களை எடுக்கறது? அவங்க வரதுக்குள்ள அழிச்சிடு."

அது முறை இல்லை. ஆனாலும் சுண்ணாம்பு அடித்தேன். ஈரச் சுண்ணாம்பு எதையும் மறைக்காது, காய்ந்தால்தான் வெளுக்கும். சின்னம் நனைந்து முன்னைவிடப் பளிச்சென்று நின்றது. பக்கத்துத் தெருவில் ஜீப் சத்தம் கேட்டது.

அக்கா மாட்டருகே இருந்த சாணிக் கூடையை இழுத்து வந்து சின்னத்தின் மேல் வறட்டி தட்ட ஆரம்பித்தார். தினமும் தட்டும் கை, வரிசை பிசகவில்லை. நான் உருட்டி உருட்டிக் கொடுத்தேன்.

அதிகாரி இறங்கிப் பட்டியலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இங்கே சின்னம் இருந்ததா என்று கேட்டார்.

"வறட்டிதான் சார் கீது," என்றார் அக்கா.

அதிகாரி என் கையில் இருந்த சாணியைப் பார்த்தார். படம் எடுக்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலை அந்தச் சாலையில் பஸ்ஸுக்கு நின்றேன். கழனிக்காரர் வண்டியை நிறுத்திச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வெளியே வந்தார்.

"இன்னாமே, எங்க சின்னத்து மேலயா சாணி?"

"உங்க மேல கேசு வரக்கூடாதுன்னுதாங்க தட்டனேன்."

கழனிக்காரர் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

"நாழியாவுது. களைக்கு வந்துடு."

அக்கா சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு வண்டி போன வழியே நடந்தார். வறட்டி காய இன்னும் மூன்று நாள் ஆகும். எனக்கு பஸ் வந்துவிட்டது.