கோடு போடாத கடல்

எங்கள் வீட்டு மூத்த மருமகளுக்குச் சாயக்காரி என்று பெயர் வைத்தவள் நான்தான். அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. ஓரகத்திகள் ஒருத்திக்கொருத்தி பட்டப்பெயர் வைப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதை அவளே சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டதுதான் அதிசயம். அவள் நகக்கண்ணில் எந்நேரமும் ஒரு நீலம் ஒட்டியிருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. நேரில் மட்டும் அக்கா என்பேன்.

கல்யாணமான கையோடு இந்த நாட்டுக்கு வந்தவள். மொழி தெரியாது, கடைக்குப் போனால் கையைக் காட்டித்தான் சாமான் வாங்க வேண்டும். அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்தது ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலை. பட்டு என்றால் அவளிடம்தான் கொடுப்பார்கள். ஒருநாள் கையால் வரைந்த பட்டுத் துண்டு ஒன்று வந்திருக்கிறது, கழுத்தில் சுற்றிக்கொள்வது. இஸ்திரி போட வேண்டியவள் அதை ஜன்னலில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினார். துண்டுக்குச் சொந்தக்காரி வந்தபோது, தெரிந்த நாலு வார்த்தையைக் கோத்து, இதை எப்படிச் செய்தார்கள் என்று கேட்டாள். அந்த அம்மாள்தான் அதை வரைந்தவள், மாலையில் வகுப்பும் எடுத்து வந்தாள். அன்றைக்குப் பிடித்தது, இன்றுவரை விடவில்லை. காலையில் சலவைக்கடை, மதியத்துக்குமேல் வீட்டின் பின்னறை.

அந்தப் பின்னறையில் நாற்காலி போட இடம் கிடையாது. மரச்சட்டம், சாயப் புட்டிகள், சாயம் நிலைக்க ஆவியில் வைக்கிற உயரமான பாத்திரம் இவைதான் இருக்கும். வேலை இப்படி: புதுப்பட்டை அலசிக் கஞ்சிப்பசை போக்கி, காயவைத்து, சட்டத்தில் முள்ளாணியால் இழுத்துக் கட்டுவாள். கேக்கின் மேல் எழுதுவார்களே, அந்த மாதிரி கூர்மூக்குக் குப்பியிலிருந்து சாயத்தைத் தடுக்கிற பசையைப் பிதுக்கிக் கோடு போடுவாள். கோட்டுக்குள் தூரிகையை வைத்தால் போதும், சாயம் தானே ஓடிப்போய்க் கோட்டில் முட்டி நிற்கும். கோடு ஊசிமுனை அளவு விட்டுப்போனாலும் தீர்ந்தது, சாயம் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விடும்.

எனக்கும் அங்கே ஒரு வேலை உண்டு. ஓரத்தைச் சுருட்டி, தையல் வெளியே தெரியாமல் தைத்துக் கொடுப்பேன். முடிச்சுப் போட்டதும் நூலைப் பல்லால் கடித்துவிடுவேன். "கத்திரிக்கோல் எதுக்கு இருக்கு? எச்சி பட்டா பட்டு என்னத்துக்கு ஆகும்?" என்பாள். நானும் கேட்டதில்லை, அவளும் சொல்வதை நிறுத்தியதில்லை.

வருஷம் தவறாமல் அவளும் கணவரும் ஏதாவதொரு கடற்கரை ஊருக்குப் போய்விடுவார்கள். அவள் வரைவதெல்லாம் கடல்தான். எனக்கு எல்லாக் கடலும் ஒன்றுதான். அவளுக்கு ஒரு கடல் சாம்பல், ஒரு கடல் பாசி, இன்னொன்று நாள்பட்ட பித்தளை. சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு கரையிலேயே வரைவாள். அத்தான், அதாவது அவள் கணவர், மடக்கு நாற்காலியில் சாய்ந்து குறட்டை விடுவார். கேட்டால், "நான் அலைச்சத்தத்துக்குத் தாளம் போடறேன்" என்பார்.

போன வருஷம்தான் அவள் டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்க ஆரம்பித்தாள். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை என்று அவளுக்கு நினைப்பு. கையில் நடுக்கம் வந்திருந்தது. ஆபத்தில்லை, ஆனால் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாழான பட்டுகளை அவள் அலமாரிக்குப் பின்னால் திணித்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கோடு அறுந்து, சாயம் வழிந்து கிடந்தது. போயும் போயும் அந்த நேரத்தில்தானா, நூலகத்தை ஒட்டிய ஓவியக்கூடத்தில் முதல்முறையாக ஒரு முழுச்சுவரையும் அவளுக்கென்று ஒதுக்க வேண்டும்?

"இந்த தடவ கடலுக்குப் போயிட்டு வந்து, முடியாதுன்னு சொல்லிடப் போறேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். "சட்டத்தயும் யாருக்காவது குடுத்துடணும். கோடு போட வராதவளுக்கு அது எதுக்கு?"

அந்தப் பயணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தாள். கடலைப் பார்த்த மேட்டில் ஒரு வாடகை வீடு. குழாயில் தண்ணீர் நூல் மாதிரிதான் வந்தது. போன மறுநாள் காலையில் புதுப்பட்டை அத்தானிடம் கொடுத்து, "நல்லா அலசிக் காயப் போடுங்க" என்றாள். மனுஷர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போனார். அலசிக் காய்ந்த பட்டில் பாதியைச் சட்டத்தில் கட்டிக்கொண்டு மதியம் கரைக்கு வந்தாள்.

அன்றைக்கு அவள் கோடே போடவில்லை. குப்பியை எடுத்தாள், பார்த்தாள், திரும்ப வைத்துவிட்டாள். என்ன ஆனால் என்ன என்கிற மாதிரி நீலத்தைத் தொட்டு வெறும் பட்டில் வைத்தாள். சாயம் ஒரு விரல் அகலத்துக்குப் பரவி, அப்படியே நின்றுவிட்டது. ஓரம் மட்டும் இறகு பிரிந்த மாதிரி பூத்திருந்தது. பக்கத்தில் பச்சையை வைத்தாள். அதுவும் நின்றது.

"கை சொன்ன பேச்சக் கேக்குது" என்றாள் மெதுவாக. "நல்லா ஓய்வெடுத்தேன்ல, அதான் தூரிகை அளவாத் தொடுது, சாயம் ஓடல."

எனக்குக் கை ஆடுவது தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகு கையைப் பார்க்க யாருக்கு மனசு வரும்? கடற்காற்று செய்த வேலை என்று நாங்களும் சேர்ந்து பாடினோம். அவள் அங்கிருந்தே ஓவியக்கூடத்து அம்மாளைக் கூப்பிட்டு, முழுச்சுவருக்கும் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

வீடு திரும்பியதும் புதுப்பட்டைத் தானே குழாயில் அலசிக் கட்டி, கோடில்லாமலே சாயத்தை வைத்தாள். சாயம் கண்மண் தெரியாமல் ஓடியது. அடுத்ததும் ஓடியது, அதற்கடுத்ததும் ஓடியது. சரியாகச் சாப்பிடுவதில்லை, பின்னறைக் கதவு பாதி சாத்தியே இருந்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, கடற்கரையில் மிஞ்சிய பட்டின் மறுபாதியைக் கொடுத்தாள்.

"ஓரம் பிரியுது, மடிச்சுத் தைச்சுக் குடு. இதுலயும் வரலன்னா ஓவியக்கூடத்து அம்மாவுக்கு ஃபோன் போட்டு முடியாதுன்னு சொல்லிடறேன். கடல் எதிர்ல இருந்தாத்தான் இந்தக் கை நிக்கும்போல. அதுக்காகக் கடலத் தூக்கிட்டு வர முடியுமா?"

கூடத்தில் உட்கார்ந்து தைத்தேன். பட்டு வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் மொடமொடப்பாக இருந்தது. முடிச்சுப் போட்டு நூலைக் கடித்தேன். வாயெல்லாம் உப்பு. சந்தேகத்துக்குத் துணியின் மூலையையும் நக்கிப் பார்த்தேன், யாராவது பார்த்திருந்தால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றிருப்பார்கள். நேரே சமையலறைக்குப் போனேன். அத்தான் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தான், அன்னிக்கு இத எங்க அலசினீங்க?"

திருதிருவென்று முழித்தார். "கொழாய்ல தண்ணியே வரல. எதிர்ல அவ்வளவு தண்ணி சும்மா கெடக்குதேன்னு…"

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பட்டு குடித்திருந்த உப்புதான் சாயத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. சொல்லிவிடலாம் என்று நான் திரும்பியபோது அவர் என் எதிரே வந்து நின்றார்.

"சொன்னா கை சரியாகலன்னு தெரிஞ்சுபோயிடுமே. பாவம், சரியாயிடுச்சுன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டா. நான் ஒண்ணு பண்றேன். அவளுக்குத் தெரியாம நானே உப்புத் தண்ணில அலசிக் குடுத்துடறேன்."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார், ஆனாலும் எனக்கு வந்தது கோபம். "அவங்க தொழில்ல அவங்களுக்கே தெரியாம கை வைப்பீங்களா? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவரே சொன்னார், பின்னறை வாசலில் நின்றுகொண்டு, டீக்கரண்டியைக் கையில் பிடித்தபடி. அவள் பட்டை வாங்கி மூலையை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"அப்ப கை?" என்றாள்.

"கை அப்படியேதான் இருக்கு" என்றார் அவர்.

அவள் அழுதாள். சத்தமில்லாமல், முகத்தைக்கூட மூடாமல் அழுதாள். எனக்கு ஏன்டா சொல்ல வைத்தோம் என்றாகிவிட்டது. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டாள்.

"வேர்வ உப்பு பட்டாலே பட்டு வீணாப்போயிடும்னு சலவைக்கடைல முதல் நாளே சொல்லிக் குடுத்தாங்க. ஈரச் சாயத்து மேல உப்புக்கல்லத் தூவறதக்கூட சின்னப் பசங்க வேலன்னு விட்டுட்டேன். உப்புத் தண்ணில முக்கறதுன்னு என் புத்திக்கு இந்த ஜென்மத்துல தோணியிருக்காது. கட்டின புருஷன் அலசறதுக்குச் சோம்பல்பட்டுக் கடல்ல முக்கி எடுத்துட்டு வந்திருக்காரு."

"தப்புதான்" என்றார்.

"போய் ஒரு பக்கெட் தண்ணியும் உப்பும் எடுத்துட்டு வாங்க."

"எவ்வளவு உப்பு?"

"கடல்ல எவ்வளவு இருந்துச்சோ, அவ்வளவு. இறங்கிப் பாத்தவரு நீங்கதானே?"

அவர் ஓடினார். ஆறிக்கொண்டிருந்த டீயை நான் எடுத்துவந்து, வழக்கம்போல அவள் இரண்டு கைக்கும் வாகாக நீட்டினேன். அவள் ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டு, ஆடுகிற வலது கையால் மட்டும் வாங்கினாள். கோப்பை தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டது, டீ தளும்பித் தட்டில் கொட்டியது. நான் பார்வையைத் திருப்பினேன்.

"திரும்பாத, பாரு" என்றாள். "இனிமே இதான் என் கை. அந்தம்மாவுக்கு ஃபோன் எல்லாம் வேண்டாம், செவுரு அப்படியே இருக்கட்டும்."

கோப்பையில் இருந்ததைக் குடித்தாள். தட்டில் கொட்டியதையும் ஊதிக் குடித்தாள்.