அரை இஞ்ச் இறங்கிய தோள்

“தோள்பட்டைக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். கல்லு மாதிரி இருக்கு,” என்றார் கேன்காரர்.

தோள்பட்டையைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை. மூன்றாவது மாடி ஜிம்மில் பயிற்சி கொடுக்கும் அந்தப் பெண் கேட்டதெல்லாம், தண்ணீர் கேனைக் கண்ணாடிக்கு முன்னால் வைக்காமல் சுவரோரமாக வைக்க முடியுமா என்றுதான். ஆனால் கேட்காத கேள்விக்குப் பதில் வந்தால், அங்கே ஏதோ வலிக்கிறது என்று அர்த்தம். அது டீச்சருக்குத் தெரியும். அவர் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. எதையாவது சொல்லிக்கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் கேன்காரருக்கு டீச்சர்தான்.

இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவர் அவர். ஒரு கேன் இருபது லிட்டர். ஒரு நாளைக்கு அறுபது கேன். பாதிக்கு மேல் லிஃப்ட் இல்லாத கட்டடங்கள். கேனின் கழுத்தைப் பிடித்துத் தொடை வரை ஏற்றி, ஒரே சுழற்றலில் வலது தோளில் உட்கார வைத்துவிடுவார். பிறகு தலையை இடப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, யாரோ காதில் ரகசியம் சொல்வதைக் கேட்டுக்கொண்டே போகிறவர் போலப் படியேறுவார். இடது தோளில் ஒரு நாளும் வைத்ததில்லை. இடது கை எதற்கு இருக்கிறது என்றால், காலிங் பெல் அமுக்க.

அவருக்கு வலித்தது தோளில் இல்லை. அதற்கு முந்தின நாள் நடந்த ஒரு சின்ன விஷயத்தில்.

இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் மகள் அவரைப் பார்க்க வந்திருந்தாள். ஐந்து மாதம் வயிற்றில். அவளுக்குப் பால் காய்ச்சிக் கொண்டுவருகிறேன் என்று எழுந்தவரின் இடது கையிலிருந்து பாத்திரம் நழுவியது. கொஞ்ச நாளாகவே அந்தக் கை அடிக்கடி மரத்துப்போகும். பால் சமையலறை முழுக்க ஓடியது.

“இருக்கிற பாத்திரத்தையெல்லாம் நசுக்கியாச்சு. இன்னும் ரெண்டுதான் பாக்கி,” என்றாள் மனைவி, துணியோடு குனிந்தபடி.

மகள் திட்டவில்லை. ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னாள். “அப்பா, பாப்பா பொறந்ததும் நீங்க உக்காந்துக்கிட்டே மடியில வெச்சுக்கங்க, என்ன? நின்னுக்கிட்டு வேணாம்.”

“ஆமாம்மா, அதான் சரி,” என்று சிரித்தார். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

மகள் குழந்தையாக இருந்தபோது அவளை அவர் தூக்கிச் சுமந்ததே இல்லை. வேலை முடிந்து வரும்போது தோள் நெருப்பாக எரியும். பிள்ளை கையை நீட்டும். “அப்பாவுக்கு வலிக்குதுடா,” என்று மனைவி வாங்கிக்கொள்வாள். ஊர் வீட்டுத் தண்ணீரையெல்லாம் தூக்கிய தோளில் பெற்ற பிள்ளை தூங்கியதில்லை. பேரப்பிள்ளையாவது தூங்கட்டும், நின்றபடி, நடந்தபடி, அந்தக் குட்டித் தலை கழுத்தில் ஒட்ட. அது ஒன்றுதான் அவர் ஆசை. அதற்குத்தான் மகள் நாற்காலி போட்டுவிட்டாள்.

இதெதுவும் டீச்சரிடம் சொல்லவில்லை. டீச்சர் அவரைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினார். “சட்டைய கழட்டுங்கண்ணே.”

சட்டையோடு பார்த்தால் ஆள் நேராகத்தான் தெரிந்தார். சட்டையைக் கழற்றியதும் வலது தோள் இறங்கிக் கிடந்தது, ஒரு பக்கம் பாரம் ஏற்றிய தராசு போல. வலது பக்க முதுகு மட்டும் திரண்டிருந்தது. இடது பக்கம் வேறு யாருடையதோ போல மெலிந்திருந்தது.

பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி எடை தூக்கிக்கொண்டிருந்த இளைஞன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். அவன் நெஞ்சும் கையும் ஊதியிருக்கும். காலோ குச்சி. ஜிம்மில் அவன் பெயர் பலூன்.

“நீ சிரிக்காத,” என்றார் டீச்சர். “கண்ணாடில தெரியறத மட்டும் வளத்து வெச்சிருக்க. இவரு வலது பக்கத்த மட்டும் வளத்து வெச்சிருக்காரு. உங்க ரெண்டு பேரையும் சேத்தாக்கூட ஒரு முழு ஆள் தேறாது.”

“நானா? நான் தம்பியவே மூணு மாடி தூக்கிட்டு வருவேன் டீச்சர்,” என்றார் கேன்காரர்.

“வலது தோள்லதானே?”

அவர் சட்டையை மாட்டப் பார்த்தார், பொத்தான் இடது கை விரலில் நிற்கவில்லை.

கை மரத்துப்போவது தெரிந்ததும் டீச்சர் அவரை முதலில் டாக்டரிடம் அனுப்பினார். கழுத்தைச் சாய்த்துச் சாய்த்தே நரம்பு அழுந்துகிறது, இப்போதே கவனித்தால் சரியாகும் என்றார் டாக்டர். “இனிமே இடது பக்கத்தையும் வேலை வாங்கணும்,” என்று டீச்சரும் சொன்னார். எப்படி என்று சொல்வதற்குள் கேன்காரர் படியிறங்கிவிட்டார்.

சுமை தூக்குகிறவருக்குச் சமம் என்றால் என்ன? இந்தப் பக்கம் இருபத்திரண்டு வருஷம் ஆயிற்றா, இனி அந்தப் பக்கம் இருபத்திரண்டு வருஷம். கணக்கு சரி. மறுநாள் காலையிலிருந்து எல்லாக் கேனையும் இடது தோளுக்கு மாற்றிவிட்டார்.

பதினெட்டுக் கேன் எப்படியோ போய்ச் சேர்ந்தது. பத்தொன்பதாவது ஜிம்முக்கு. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கை மரத்தது. கேன் கையை விட்டு, படிப்படியாகத் தொம் தொம் என்று இறங்கி, கீழ்த்தளத்து டெய்லர் கடை வாசலில் வெடித்தது. டெய்லர் வெட்டி வைத்த துணிகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மேஜை மேல் ஏறி நின்றார்.

“மேகமே இல்லாம மழை பெய்யுதேன்னு பாத்தேன். நீங்கதானா?” என்று அங்கிருந்தே கத்தினார்.

ஒரு வாரத்துக்கு இடது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட்டாள். “கல்யாணமான புதுசுல கூட இப்பிடிப் போட்டுவிட்டதில்ல,” என்று கிண்டலடித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்து அவளும் நிறுத்திக்கொண்டாள்.

எட்டாம் நாள் டீச்சர் முன்னால் போய் நின்றார். “விட்டுடலாம் டீச்சர். நான் உக்காந்தே வெச்சுக்கிறேன்.”

“எத உக்காந்து வெச்சுக்கப் போறீங்க?”

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. பால், பாத்திரம், மகள் சொன்னது. பலூன் தூக்கிய எடையைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தான். டீச்சர் அட்டை போட்ட நோட்டை எடுத்தார். அவரிடம் வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. என்ன தூக்கினார்கள், எத்தனை கிலோ, எந்தக் கை, என்ன சாப்பிட்டார்கள் என்று எல்லாம் இருக்கும். புதுப் பக்கம் புரட்டி, மேலே ‘கேன்காரர்’ என்று எழுதினார்.

“இத முதல்லயே சொல்லியிருக்கலாம்லண்ணே. எத்தன மாசம் இருக்கு?”

“நாலு.”

“சரி. காலைல என்ன சாப்ட்டீங்க?”

“டீ.”

“அதுக்கு முன்னாடி?”

“டீ.”

“அதுக்கும் முன்னாடி?”

“தூங்கிட்டிருந்தேன் டீச்சர்.”

“தண்ணி?”

“அறுபது கேன்.”

“போட்டது இல்லண்ணே. குடிச்சது.”

கேன்காரர் கூரையைப் பார்த்தார். ஊருக்கே தண்ணீர் கொண்டுபோகிறவர் மத்தியானம் மூன்று மணி வரை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கமாட்டார். அப்புறம் ஒரு மலை சோறு. அதோடு தூக்கம்.

“எடை தூக்கினா மட்டும் உடம்பு வளராதுண்ணே. தூக்கறப்ப தசை தேயுது. தின்னாத்தான் திரும்பக் கட்டுது. கொத்தனார் காலைலயே வந்துட்டாரு, செங்கல் சாயங்காலம்தான் வருதுன்னா சுவர் எப்பிடி எழும்பும்? வேளாவேளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா வரணும்.”

காலையில் கிளம்பும் முன் இரண்டு முட்டை, வாழைப்பழம். பதினோரு மணிக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சுண்டலோ. மத்தியானம் சோற்றைக் கொஞ்சம் குறைத்துப் பருப்பைக் கூட்டி, கூடவே காய், தயிர். ராத்திரி மீனோ முட்டையோ பயறோ, வீட்டில் எது இருக்கிறதோ அது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர்.

“பவுடர் வேணாமா டீச்சர்? தம்பி கலக்கிக் குடிக்கிறாரே.”

“தம்பி சோத்த விட்டுட்டுப் பவுடரக் குடிக்கிறான். அதான் கால்ல ஜீவனே இல்ல. டேய், இன்னிலேர்ந்து நீ சோறு சாப்பிடுற.”

வீட்டில் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். “ஏங்க, இருபத்தெட்டு வருஷமா வேளைக்குச் சாப்பிடுங்க சாப்பிடுங்கன்னு நான் கத்தினப்ப காதுல என்ன இருந்துச்சு?”

“கேன் இருந்துச்சு,” என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் வண்டிச் சாவி பக்கத்தில் இரண்டு முட்டை உரித்து வைத்திருந்தது. அதற்கப்புறம் ஒரு நாளும் அது தவறவில்லை.

தினமும் கேனை இறக்கிய கையோடு பத்து நிமிஷம் டீச்சரிடம். ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை பின்னால் போகும்படி இழுக்க வேண்டும். முதுகுக்கு. அப்புறம் கைக்கு ஒன்றாக இரண்டு சின்னக் கேனில் ஐந்து ஐந்து லிட்டர் தண்ணீர் பிடித்து, தலையைச் சாய்க்காமல் அறைக்குள் நேராக நடக்க வேண்டும். சட்டம் ஒன்றுதான். எதையும் இடது கைதான் ஆரம்பிக்கும். இடது எத்தனை தடவையோ, வலதும் அத்தனைதான். வலதுக்குத் தெம்பு பாக்கி இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும்.

“இது அநியாயம் டீச்சர். உழைக்கிறவனப் போயி நிறுத்தி வெக்கிறீங்களே.”

“தண்டனை இல்லண்ணே. தம்பி பின்னாடி ஓடி வரான்னா, அண்ணன் தெருமுனைல நிக்கமாட்டானா?”

அது அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. படியேறும்போது மூச்சு வாங்கினால், “இரு, தம்பி வரட்டும்,” என்று வலது தோளிடம் சொல்லிக்கொள்வார். வீடுகளுக்குப் போடும் கேன்களில் இடது தோளுக்கு முதலில் காலிக் கேன். பிறகு கால் கேன், அரைக் கேன். மூன்றாவது மாதம் ஒரு முழுக் கேன், அதுவும் முதல் மாடி வரைக்கும் மட்டும்.

பலூனும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் கீழே போய், ஒரு கேனைத் தானே தூக்கி வருவேன் என்றான். இரண்டாவது மாடியில் கால் கிடுகிடுக்கப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

“நெஞ்சு வந்திருச்சு, கால் பஸ்ஸ விட்டுடுச்சு போல,” என்று கேன்காரர் அவனையும் கேனையும் கடந்து போனார். மறுநாளிலிருந்து பலூன் காலுக்குப் பயிற்சி செய்ய ஆரம்பித்தான்.

இவ்வளவு செய்தும் ஏதாவது ஆகிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. கை மரப்பது குறைந்திருந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. மகளுக்கு ஒன்பதாவது மாதம் பிறந்த சமயத்தில் புது வம்பு ஒன்று. சட்டையெல்லாம் கோணலாக நின்றது. காலர் ஒரு பக்கம் இழுத்தது, வலது தோளில் துணி பிடித்தது. போயும் போயும் இப்போது உடம்பு இன்னும் கோணிக்கொண்டதோ என்று உள்ளுக்குள் பதறிப்போய், டெய்லர் மேல் எரிந்து விழுந்தார்.

“என்னய்யா தைக்கிறே? மூணு சட்டையும் கோணல்!”

டெய்லர் பேசாமல் டேப்பை எடுத்தார். அளந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அளந்தார்.

“பதினஞ்சு வருஷமா உங்க சட்டைக்கு வலது பக்கம் அரை இஞ்ச் இறக்கித்தான் வெட்டுறேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

“சொன்னா மட்டும் கேன இறக்கி வெச்சிடுவீங்களா? சட்டையாவது நேரா தெரியட்டும்னு விட்டேன்.” டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரித்தார். “இப்ப தோள் கால் இஞ்ச் மேல ஏறிடுச்சு. சட்டைல கோணல் இல்லீங்க. நீங்க நேராயிட்டீங்க.”

கேன்காரர் வலது தோளைத் தொட்டுப் பார்த்தார். சொல்லாமல் பதினைந்து வருஷம் தன் கோணலை மறைத்து வைத்த மனுஷனை, கடை முழுக்கத் தண்ணீர் விட்ட அன்றுகூடத் திட்டாத மனுஷனை, இப்போது திட்டிவிட்டோமே என்று இருந்தது. டெய்லரின் கையைப் பிடித்துக்கொண்டார். இடது கையால்.

“அடுத்த சட்டைக்குக் கால் இஞ்ச் இறக்கினாப் போதும்,” என்றார்.

நேற்று மத்தியானம் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சாயங்காலம் வார்டுக்குள் விட்டார்கள். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். மனைவி பழக்க தோஷத்தில் நாற்காலியை இழுத்து அவர் பின்னால் போட்டாள்.

படுத்திருந்த மகள் அப்பாவைப் பார்த்தாள். இந்த நாலு மாதத்தில் அவர் கையிலிருந்து ஒரு டம்ளர்கூட விழவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

“நாற்காலி வேணாம்மா,” என்றாள். “அப்பா நிப்பாரு.”

இடது கையை மடித்துக் கொடுத்தார். முழங்கை மடிப்பில் தலை வந்து உட்கார்ந்தது. வலது கை கீழே தாங்கியது. அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வந்துவிட்டார்கள். கதவிலிருந்து ஜன்னல் வரை பதினாலு எட்டு நடை. போனார், வந்தார். பிறகு மெல்ல மேலே ஏற்றி இடது தோளில் சாய்த்தார். ஒரு காலிக் கேன் அளவுகூடப் பளு இல்லையே என்று நினைத்த நேரத்தில் கழுத்தில் சின்னதாக ஒரு சூடான மூச்சு பட்டது. மருமகன் போட்டோ எடுத்ததையோ, மனைவி மூக்கைச் சிந்தியதையோ அவர் கவனிக்கவில்லை.

இன்று காலை வழக்கமான நேரத்துக்குக் கேனோடு மூன்றாவது மாடிக்கு வந்தார். சுவரோரமாக இறக்கினார். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பலூனைப் பார்த்து ஒரு சிரிப்பு. பிறகு டீச்சர் முன்னால் போய், மேஜை மேல் இருந்த அட்டை போட்ட நோட்டைத் தானே திறந்து, தன் பக்கத்தை எடுத்து நீட்டினார்.

“எழுதிக்குங்க டீச்சர். இடது கை, மூணு கிலோ நூறு. அரை மணி நேரம். பிடுங்கித்தான் வாங்குனாங்க, நானா இறக்கல.”